'கெட்' என்ற சொல்லுக்கு லாங்மன் போதுமா?

ஓர் ஆங்கில அகராதியின் தரம் தெரிய அரிய சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டாம். 'கெட்' என்ற வினையைப் புரட்டினால் சாயம் வெளுத்துவிடும். கையடக்க ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பலவும் 'பெறு, அடை, வாங்கு' என்று காற்புள்ளி போட்டு வேலையை முடித்துக்கொள்ளும். அதை நம்பினால் 'ஹீ காட் ஆங்க்ரி' என்பதற்குக் 'கோபம் பெற்றான்' என்றுதான் எழுத வேண்டிவரும்.

லாங்மன் தற்கால ஆங்கில அகராதி (முதல் பதிப்பு 1978) இதில் எவ்வளவோ மேல். ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் சொல்லிவிடுகிறது. நீளமான பதிவுகளில் பொருளுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வழிகாட்டிச் சொல் இருக்கும்: 'ரிசீவ்', 'பிகம்' என்று. அவற்றை மட்டும் கண்ணால் ஓட்டி, வேண்டிய இடத்தில் நின்றுகொள்ளலாம். இணையப் பதிப்பு இலவசம். எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கேட்கவும் முடியும்.

அந்த எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு விளக்கத்தை மட்டும் படிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 'பிகம்' பொருளில் 'கெட்'டுக்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கள்: 'டயர்ட்', 'ஆங்க்ரி' போன்ற பெயரடைகள்தான். நம் 'ஆனார்' பெயர்ச்சொல்லோடும் ஒட்டும். அதே பழக்கத்தில் 'டாக்டர் ஆனார்' என்பதை 'ஹீ காட் எ டாக்டர்' என்று எழுதினால், டாக்டரைக் கூட்டி வந்ததாக ஆகிவிடும்!

'கெட் ஓவர்', 'கெட் பை' வகையறாக்கள் பதிவின் கடைசியில் அகர வரிசையில் இருக்கின்றன. நேரே அங்கே போய்விடலாம். பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்', காரில் ஏறினால் 'கெட் இன்' என்பதும் இந்த வகைதான்.

படிக்கும்போது இவ்வளவு உதவுகிற அகராதி, எழுதும்போது கைவிட்டுவிடுகிறது. 'முடி வெட்டிக்கொண்டேன்' என்று தமிழில் சொன்னால் கத்தரி யார் கையில் இருந்தது என்ற கேள்வியே எழாது. 'ஐ கட் மை ஹேர்' என்றால் நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சலூனில் வெட்டியிருந்தால் 'ஐ காட் மை ஹேர் கட்'. லாங்மனில் இந்த அமைப்பு இருக்கிறது. ஆனால் தமிழில் யோசிப்பவருக்கு இந்த இடத்தில் 'கெட்' வேண்டும் என்றே தோன்றாதே, அந்தப் பக்கத்தை எதற்குத் திறப்பார்?