ஐபிஎம் எம்கியூ: பணம் சம்பந்தப்பட்ட மெசேஜ்னா இதைத்தான் சொல்வேன், ஆனா டீஃபால்ட்டை அப்படியே விட்றாதீங்க

பில்லிங் ஒரு சிஸ்டம், ஸ்டாக் இன்னொண்ணு, அக்கவுண்ட்ஸ் வேற ஒண்ணுன்னு ஓடுற கம்பெனிகளுக்கு இதையெல்லாம் கோர்த்துக் குடுக்கறதுதான் என் வேலை, அதுல நான் அதிகமா புழங்குறது ஐபிஎம் எம்கியூ, ஒரு சிஸ்டம் அனுப்புற மெசேஜை க்யூங்கற வரிசையில வச்சிருந்து இன்னொரு சிஸ்டத்துக்குக் குடுக்கற சாஃப்ட்வேர். 1993ல எம்கியூசீரிஸ்னு வந்தது, நடுவுல வெப்ஸ்பியர் எம்கியூன்னு பேரு மாறி இப்ப இந்தப் பேரு. பழசுன்னு ஒதுக்குறவங்க நிறைய, எனக்கு அதுல உடன்பாடே இல்ல.

பில்லிங் மெசேஜை போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும், குடோன் சர்வர் ராத்திரி பூரா படுத்துக் கிடந்தாலும் மெசேஜ் வெளிய போறதுக்கான டிரான்ஸ்மிஷன் க்யூல காத்துக் கிடக்கும், காலைல ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற சேனல் கனெக்ட் ஆனதும் வரிசையா போய்ச் சேரும். சின்க்பாயின்ட்க்குள்ள, அதாவது வேலை முடிஞ்சு கமிட் பண்ணாத்தான் மெசேஜ் எடுத்ததா கணக்குன்னு வச்சு எடுத்தீங்கன்னா, டேட்டாபேஸ்ல எழுதுறதுக்குள்ள ப்ரோகிராம் விழுந்தாலும் மெசேஜ் திரும்ப க்யூவுக்கே வந்துடும். இந்த நிம்மதிக்காகத்தான் பேங்க்காரங்க இதை இன்னும் விடாம வச்சிருக்காங்க.

ஆனா இதெல்லாம் தானா நடந்துடாது. புதுசா ஒரு க்யூ போட்டா பெர்சிஸ்டென்ஸ், அதாவது மெசேஜை டிஸ்க்ல எழுதிப் பத்திரமா வைக்கிற செட்டிங், டீஃபால்ட்டா 'நோ'ன்னு இருக்கும், அப்ளிகேஷனும் க்யூ சொல்றபடியே போகட்டும்னு விட்டுட்டா, க்யூக்களை எல்லாம் நடத்துற க்யூ மேனேஜர் ரீஸ்டார்ட் ஆன உடனே மெசேஜ் போயே போச்சு. ஆர்டர், பேமென்ட் க்யூவுக்கெல்லாம் முதல் வேலையா அதை 'யெஸ்' ஆக்குங்க. டெப்த், அதாவது ஒரு க்யூ தாங்குற மெசேஜ் எண்ணிக்கை, டீஃபால்ட்டா வேற 5000தான், ஒரு பண்டிகை சேலுக்கு அது எந்த மூலைக்கு? நிரம்பிட்டா 2053 எரர் வரும். சேர முடியாத மெசேஜை ஒதுக்கி வைக்கிற டெட் லெட்டர் க்யூவையும் நாமதான் குடுக்கணும், குடுக்கலைன்னா எதிர்ப்பக்கம் க்யூ நிரம்பின நேரத்துல பெர்சிஸ்டென்ட் மெசேஜ் வந்தா சேனலே நின்னுடும், அதுல வர்ற மத்த மெசேஜும் சேர்ந்து மாட்டிக்கும். ஒரு மெசேஜ் எத்தனை தடவை திரும்பி வந்தா ஒதுக்கணும்னு சொல்ற பேக்அவுட் த்ரெஷோல்டு 0ன்னு இருக்கும், அதையும் மாத்துங்க, இல்லன்னா தப்பான ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வந்து உயிரை எடுக்கும்.

புதுசா வர்ற பசங்க எல்லாரும் முட்டிக்கிற இடம் 2035ங்கற எரர். அனுமதி இல்லன்னு மட்டும்தான் கிளையன்ட்ல தெரியும், பாஸ்வேர்டு தப்பா, சேனல் ரூல் தடுக்குதா, க்யூவுல பர்மிஷன் இல்லையான்னு ஒண்ணும் சொல்லாது. வெளி ஆளுக்கு விவரம் கசியக்கூடாதுன்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, அது சரிதான். சர்வர் பக்கம் க்யூ மேனேஜரோட எரர் லாகைத் திறந்தா காரணம் எழுதியே இருக்கும், கிளையன்ட் கோடை நோண்டி நேரத்தை வீணாக்காதீங்க.

படிச்ச டேட்டாவையே திரும்பப் படிக்கணும், அனலிடிக்ஸ் பண்ணணும்னா, படிச்ச பிறகும் டேட்டாவை வச்சிருக்கிற காஃப்காங்கற சாஃப்ட்வேருக்குப் போங்க, இதுல சாதாரணமா எடுத்த மெசேஜ் க்யூவை விட்டுப் போயிடும்.

லைசென்ஸ் காசு கோர் கணக்குல ஏறும், சின்ன கம்பெனிக்குத் தாங்காது, அவங்களுக்கு இதே மாதிரி க்யூ வேலை பண்ற ஓப்பன் சோர்ஸ் ரேபிட்எம்கியூவே தாராளமா போதும். கத்துக்க நினைக்கிறவங்களுக்கு டெவலப்பர் எடிஷன் ஃப்ரீ, டாக்கர்ல ஏத்தி 1414 போர்ட்ல ஓட விட்டு, மெசேஜ் போட்டுட்டு நடுவுல க்யூ மேனேஜரை நிறுத்திப் பாருங்க, எது தங்குது எது போகுதுன்னு கண்ணாலயே தெரிஞ்சிடும். ப்ரொடக்‌ஷன்ல மட்டும் அதைப் போடக்கூடாது, லைசென்ஸ் விடாது.