மாதம் ஒரு மலைக்காட்சி: ஏற்காட்டிலிருந்து வரும் கணினித் திரைப் படங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நாள் முழுவதும் கணக்குகளைத் திறந்தும் மூடியும் காலம் தள்ளும் எனக்கு, கணினியின் முகப்புத் திரை முழுதாகக் கண்ணில் படுவது காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இடையில் மின்சாரம் போய் வந்தால் இன்னொரு முறை. அந்தச் சில நொடிகளுக்காகவே ஏற்காட்டில் வசிக்கும் ஒளிப்படக்காரர் ஒருவர் சேர்வராயன் மலையின் பருவங்களைப் படமெடுத்து, மாதத்துக்கு ஒன்றாக, காசு வாங்காமல் பகிர்ந்து வருகிறார். பன்னிரண்டு மாதப் படங்களையும் என் திரையில் வைத்துப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று கூகுள் டிரைவில் ஒரு புதிய தொகுப்பு சேரும். அதில் சாதாரணத் திரைக்கான 1920×1080 அளவிலும், 4கே திரைக்கான 3840×2160 அளவிலும், கைப்பேசிக்கான நெட்டுவாக்கிலும் ஒரே படம் இருக்கும். நாட்காட்டி பொறித்தது, பொறிக்காதது என இரண்டு வகையும் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குறைந்துவிடும் என்பதால் இணைப்பை மட்டும் அனுப்புகிறார். ஜூன் மாதப் படம் ஒன்பதாம் தேதிதான் வந்தது என்பதைத் தவிர, நாள் தவறியதில்லை.

பன்னிரண்டில் முதலிடம் ஏப்ரல் மாதப் படத்துக்குத்தான். கோடை மழை நன்றாக ஒரு தடவை நனைத்துவிட்டுப் போனால், அதுவரை இறுகிக் கிடந்த காப்பி மொட்டுகள் சில நாட்களில் ஒருசேர விரிந்து, கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த மணம் பரப்பி, மூன்று நான்கு நாட்களில் வாடிவிடும். பூவை நெருங்கிப் படமெடுப்பவர்கள் பலர். இவரோ சரிவு முழுவதையும் எடுத்திருக்கிறார்: மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்க, அவற்றின் காலடியில் வெண்மை வரிவரியாக இறங்கிப் போகிறது. படத்தின் இடப்பக்கம் மட்டும் அடர்ந்த நிழலில் கிடக்கிறது. விண்டோஸ் கணினியில் கோப்புகளின் சின்னங்கள் இடப்பக்கத்திலிருந்துதான் அடுக்கப்படுகின்றன என்பதை நினைவில் வைத்துச் சட்டகம் அமைத்திருக்கிறார். என் திரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தும் ஒன்றின் பெயர்கூடப் பூவில் கரைந்து போகவில்லை. சுவரில் மாட்டும் படத்துக்கும் திரைக்கு வைக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த பச்சைக் குன்றின் படத்தை மறந்தவர் இருக்க முடியாது. சார்லஸ் ஓரியர் 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் எடுத்த அந்தப் படமும் பருவம் கொடுத்த கொடைதான். திராட்சைக் கொடிகள் பூச்சித் தாக்குதலால் பிடுங்கப்பட்டிருந்த குன்றில், குளிர்கால மழைக்குப் பின் புல் முளைத்திருந்த நேரம் அது; கோடையில் போயிருந்தால் காய்ந்த பழுப்புதான் கிடைத்திருக்கும்.

இதே ஏப்ரல் படத்தில்தான் என் முதல் மனக்குறையும் இருக்கிறது. அது முந்தைய ஆண்டு எடுத்த படம். இந்த ஆண்டு மழை பிந்தியதால், என் திரையில் தோட்டம் பூத்துக் குலுங்கிய வாரத்தில் மலையில் மொட்டு இன்னும் பச்சையாகவே இருந்தது. படத்தை நம்பிக் குடும்பத்தோடு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய் ஏமாந்து இறங்கினோம். முதல் தேதிக்குள் படம் தயாராக வேண்டுமானால் சென்ற ஆண்டின் படத்தைத்தான் எடுக்க முடியும் என்ற அவருடைய விளக்கம் நியாயமானதே. ஆனால் எடுத்த தேதியை ஒரு மூலையில் சிறிய எழுத்தில் பொறிக்கலாமே. ஆங்கில மாதத்தை விட்டுவிட்டுத் தமிழ் மாதப் பிறப்பில் வெளியிட்டாலும் பருவத்தோடு இன்னும் நன்றாகப் பொருந்தும். குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுதுகளாக நம் மரபு வகுத்தவை ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிரும், மார்கழி, தைக்குரிய முன்பனியும். இவருடைய சிறந்த படங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு மாதங்களுக்குள் எடுத்தவைதான்.

டிசம்பர் படத்தில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு. பகோடா முனையில் எடுத்த மூடுபனிக் காட்சி அது. கைப்பேசியில் பார்க்கப் பட்டுத்துணி போல இருந்தது, அலுவலகத்தின் பெரிய திரையில் விரித்தபோது பனி படிப்படியாக வளையம் கட்டி நின்றது. சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான் உண்டு. பனியின் வெண்மை முழுவதும் அவற்றுள் ஒரு சிலவற்றுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் இடம் கோடாகத் தெரிகிறது. கோப்பைச் சுருக்கும்போது இது கூடும். போதாக்குறைக்கு, விண்டோஸும் ஜேபெக் படத்தைப் பின்னணியாக்கும்போது தன் பங்குக்கு ஒரு முறை சுருக்கிக்கொள்கிறது. இதை எழுதி அனுப்பினேன். ஜனவரிப் பனிப்படத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய மணற்பொடி போன்ற தன்மையைச் சேர்த்து அனுப்பினார்; வளையங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இலவசமாகக் கொடுப்பவரிடம் இந்த அக்கறையை நான் எதிர்பார்க்கவில்லை.

கிளியூர் அருவியின் படத்தைக் கைப்பேசிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கேமராவின் சட்டகம் 3:2 விகிதம், கணினித் திரையோ 16:9. அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டால் உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை வெட்டியாக வேண்டும். உயரமே அழகான அருவிக்கு அது பெரிய இழப்பு. தலையும் காலும் இல்லாமல் கொடியில் உலர்த்திய வேட்டி போலத் தொங்குகிறது. மே மாதத்துக்கு வைத்த மலர்க்காட்சிப் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதை ஊட்டி என்று சொன்னாலும் நம்பலாம்.

ஆகஸ்ட் படம்தான் இப்போதும் என் திரையில் இருக்கிறது; மாதம் மாறியும் மாற்ற மனம் வரவில்லை. ஏற்காட்டின் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து, மழை ஓய்ந்த ஆடி இரவில், கீழே விரிந்து கிடக்கும் சேலத்து விளக்குகள். மலையைக் காட்ட வந்தவர் இந்த ஒரு மாதம் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு எங்கள் ஊரைக் காட்டியிருக்கிறார். படத்தின் பெரும்பகுதி கருமை என்பதால் சின்னங்களும் எழுத்துகளும் தெளிவாகத் தெரிகின்றன, கண்ணும் கூசுவதில்லை. 4கே அளவில் பெரிதாக்கினால் மலையடிவாரத்திலிருந்து ஊருக்குள் வரும் ஏற்காடு சாலையை விளக்கு விளக்காகத் தொடர முடிகிறது. அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டே வந்து, எங்கள் அலுவலகம் எந்தப் புள்ளி என்று மூன்று பேர் ஒரு மதிய உணவு இடைவேளை முழுவதும் தேடினோம். அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை ஒத்துப்போனோம், அதற்கு மேல் ஆளுக்கொரு விளக்கைக் காட்டினோம்.