கருப்பனின் காதும் மூன்றரை வருடமும்

நடுராத்திரியில் பட் பட் பட் என்று சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் எழுந்து விளக்கைப் போடுவதில்லை. கருப்பன் தலையை உதறுகிறான், காது இரண்டும் கன்னத்தில் அடிக்கின்றன, அவ்வளவுதான். லேப்ரடார், இப்போது ஐந்து வயது. ஒன்றரை வயதில் தொடங்கிய காதுத் தொல்லை. வாங்கி ஊற்றியதில் எது உதவியது, எது தண்டம் என்று இப்போதுதான் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

முதல் வருடம் முழுக்க ஒரே கதைதான். காதுக்குள்ளிருந்து புளித்த வாடை, பழுப்பாகப் பிசுபிசுவென்று அழுக்கு, பின்னங்காலால் ஓயாத சொறி. டாக்டர் சொட்டு மருந்து தருவார். மூன்றாம் நாள் சொறி நின்றுவிடும். ஐந்தாம் நாள் நாங்களும் மருந்தை நிறுத்திவிடுவோம். ஒரு மாதம்கூட ஆகாது, மறுபடியும் பட் பட் பட். மருந்து சரியில்லை என்று முடிவுகட்டி டாக்டரையே மாற்றினோம்.

பாவம், மருந்தின் மேல் ஒரு குறையும் இல்லை. நாய்க் காதுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் அரிப்பை அடக்குவது ஸ்டீராய்டு. கிருமி அப்படியே உள்ளே இருக்கும். சொறி நின்றதும் குணமாகிவிட்டது என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது டாக்டர் மருந்து எழுதும் முன் செவிப்பறையைப் பார்த்தார். அப்புறம் பஞ்சில் அழுக்கை எடுத்து கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிச் செருப்புத் தடங்கள். மலசீசியா என்ற ஈஸ்ட். சாதாரணமாகவே நாய்களின் தோலில் கொஞ்சம் இருப்பதுதானாம். காதுக்குள் சூடும் ஈரமும் கூடினால் பெருகிவிடும். அடுத்த தடவை பார்த்தபோது தடங்களைக் காணோம், கடுகு தெளித்த மாதிரி உருண்டை உருண்டையாக பாக்டீரியா. ஒரே காது, ஒரே நாற்றம், ஆள் மட்டும் வேறு. அன்றிலிருந்து தகடு சுத்தமாகும் வரை மருந்தை நிறுத்துவதில்லை, பழைய பாட்டிலை நாமாக எடுத்து ஊற்றுவதும் இல்லை. ஒருமுறை ஊற்றிவிட்டுப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "செவிப்பறை கிழிஞ்சிருந்தா சில மருந்து உள்காதுக்குப் போய் காதே கேட்காமப் போயிடும், தெரியுமா?" என்றார். நல்லவேளை, கிழிந்திருக்கவில்லை.

சரி, பொருட்களுக்கு வருவோம். காட்டன் பட்ஸ் வேண்டவே வேண்டாம். நாயின் காதுக் குழாய் நேராகக் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்புகிறது. குச்சியை விட்டால் அழுக்கு அந்த வளைவில் போய் இறுகிக்கொள்ளும். காதுப் பவுடர் மெழுகோடு சேர்ந்து பசையாகிவிட்டது. ஈர வைப்ஸ் மடலைத் துடைக்க மட்டும் ஆகும். யாரோ சொன்னார்கள் என்று வினிகர் கலந்து ஊற்றியது என் வாழ்நாள் முட்டாள்தனம். புண்ணான காதில் அது பட்டதும் அவன் கத்தியது இன்னும் மறக்கவில்லை.

உருப்படியாக உதவியது நாய்களுக்கென்றே விற்கிற காது கழுவும் திரவம். எங்களுடையதில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது, மெழுகைக் கரைக்கும். பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்வேன். மடலைத் தூக்கிப் பிடித்து, குழாய் நிறையும் அளவுக்கு ஊற்றி, காதின் அடிப்பாகத்தை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைய வேண்டும். சேற்றில் நடப்பது போல் சளக் சளக் என்று கேட்டால் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறோம். கையை எடுத்ததும் தலையை உதறுவான். சுவரிலும் என் சட்டையிலும் பழுப்புப் புள்ளிகள். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் சொட்டு மருந்து. நோய் இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறை, குளித்த பிறகு ஒருமுறை. தினமும் கழுவிப் பார்த்தேன், காது இன்னும் சிவந்துபோனது.

இவ்வளவுக்குப் பிறகும் வருடத்துக்கு ஐந்தாறு தடவை வந்துகொண்டுதான் இருந்தது. "பாதத்தையும் நக்குறானா?" என்று அந்த டாக்டர் ஒருநாள் கேட்டார். ஆமாம், விரலிடுக்கெல்லாம் துருப்பிடித்த நிறம். அது வேறு ஏதோ பழக்கம் என்று இருந்துவிட்டோம். "காதுக்குள்ள இருக்கிறதும் தோல்தானே" என்றவர், ஒவ்வாமையாக இருக்கலாம் என்று எட்டு வாரம் உணவுச் சோதனை வைத்தார். புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த மருத்துவ உணவு மட்டும், வேறு எதுவும் வாயில் படக்கூடாது. முதல் முயற்சி ஐந்தாம் வாரத்தில் நாசமாயிற்று. மாதாமாதம் கொடுக்கிற உண்ணி மாத்திரையில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. முதலிலிருந்து மறுபடி. எட்டு வாரம் முடிந்து பழைய கோழி உணவைத் திரும்பக் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் காது சிவந்தது.

கோழியை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. அடியோடு தீரவில்லை, அவனுக்குப் பூந்தூளோ தூசியோ ஏதோ ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஆனாலும் போன வருடம் முழுக்க இரண்டே தடவைதான். பாட்டிலை எடுத்தால் மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொள்வது மட்டும் மாறவில்லை.

நேற்று வழக்கம்போல் காதை முகர்ந்து பார்த்தேன். இடதில் வெறும் நாய் வாடை. வலதில் லேசாக ஒரு புளிப்பு. நாளைக் காலை கூட்டிக்கொண்டு போக வேண்டும்.