பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் முன் போர்க் (fork) குழாய்: பிரதியா, மறுபூச்சா?

திருகோணமலையின் உப்புக்காற்றில், மோட்டார் சைக்கிளின் முன் சில்லைத் தாங்கும் போர்க் குழாய் துருப்பிடித்து ஒயில் கசிந்தால் இரண்டே வழிகள்: கடையில் விற்கும் பிரதிக் குழாய், அல்லது பழையதற்கே கடின குரோம் பூச்சு.

விலை: பிரதி மலிவு. பூச்சுக்குக் கூலியோடு அலைச்சலும் சேரும்.

அளவு: வம்பே இங்கேதான். நான் வாங்கிய பிரதிச் சோடியை மைக்ரோமீட்டரில் பிடித்தபோது ஒன்றுக்கொன்று 0.06 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒன்றில் ஒயில் சீல் (ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தளர்ந்தது. மற்றது உள்ளே இறங்கவே மறுத்தது. கண்ணாடித் தகட்டில் உருட்டினேன், நடுவில் வெளிச்சம் தெரிந்தது: குழாய் நேராக இல்லை. பழைய குழாயைப் பூசியபின் சாணைபிடித்து உரிய அளவுக்கே கொண்டுவரலாம். ஆனால் வளைந்த குழாயைப் பூச்சு நேராக்காது.

நீடித்து உழைப்பது: பிரதியின் மெல்லிய குரோம் ஒரே வாடைக்காற்றுக் காலத்தில் செதில் செதிலாக உரிந்தது. அந்தச் செதில் புதுச் சீலையும் அறுத்துவிட்டது.

சீல் ஏறியிறங்கும் பகுதிக்கு மேலே மட்டும் துரு என்றால் இரண்டும் வேண்டாம். துடைத்து எண்ணெய் பூசினால் போதும். குழாய் வளைந்திருந்தால் பிரதிதான். கடையிலேயே அளந்து வாங்குங்கள். நேராக இருக்கும் ஒறிஜினலைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பூசக் கொடுங்கள்.