மெத்தையைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று வண்டியில் வருபவர்களிடம் பஞ்சைக் கொடுத்தனுப்ப வேண்டாம்

கடந்த பங்குனி மாதம், எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி எடுத்துச் சென்ற இருவர், உள்ளே இருந்த பஞ்சை எடுத்துக்கொண்டு, நூற்பாலைக் கழிவையும் பனியன் கழிவையும் அடைத்துத் தைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குக் கூலியும் துணி, பஞ்சு விலையுமாக எங்களிடம் 4,070 ரூபாய் வாங்கிச் சென்றார்கள். மதுரையில் கூடல்நகரைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய சிறிய சரக்கு வண்டிகள் இன்னமும் இதே அறிவிப்போடு வந்துபோகின்றன. அவற்றில் வருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்கு நடந்தது எப்படி நடந்தது என்பதையும், எந்த இடத்தில் நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தால் இன்னொரு வீட்டுக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த மெத்தை என் மாமியாருடையது. அத்தைக்கு இப்போது 76 வயது. முதுகெலும்புத் தேய்மானம் உள்ளவர். 1998இல் போடிநாயக்கனூருக்கு நேரில் போய், பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து, ஆறடிக்கு நான்கடி அளவில் 16 கிலோ பஞ்சு வைத்துத் தைத்து வாங்கிவந்தார். இடையில் ஒரு முறை மட்டும் பிரித்து அடித்துத் தைத்திருக்கிறோம். நாளடைவில் நடுப்பகுதி அமுங்கி, அவர் படுக்கும் இடம் தொட்டில் போலக் குழிந்துவிட்டது. காலையில் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். திரைச்சீலைக் கம்பி ஒன்றை மெத்தையின் குறுக்கே வைத்து, கம்பிக்கும் துணிக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பார்த்தேன்; சரியாக இரண்டு அங்குலம் இருந்தது.

இலவம்பஞ்சு மெத்தை குழிவது இயல்பானதுதான். அந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழாய். அதனால்தான் அது அவ்வளவு இலேசாகவும், கோடையில் சூடு பிடிக்காமலும் இருக்கிறது. ஆனால் உடல் பாரம் தொடர்ந்து விழும் இடத்தில் அந்தக் குழாய்கள் நசுங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல உடைந்து தூளாகின்றன. வெயிலில் காயவைத்தால் நசுங்கிய இழைகள் ஓரளவு உப்பும், தூளானவை உப்பாது. எனவே பழைய மெத்தையைப் பிரித்து, தூளை உதறி, குறைந்துபோன எடைக்கு ஈடாகப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைப்பதுதான் முறையான வழி. அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவை இருப்பதால்தான் இப்படி வருகிறவர்களை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வருவதற்குள் மெத்தையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு காலையில் அந்த வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. இறங்கி வந்தவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும்; மிகவும் பணிவாகப் பேசினார். பிரித்து இயந்திரத்தில் அடித்துத் தைக்க 900 ரூபாய், புது மெத்தைத் துணிக்கு 650 ரூபாய், சேர்க்கும் பஞ்சுக்குக் கிலோவுக்கு 280 ரூபாய் என்றார். நான்கு கிலோ சேர்த்தால் போதும் என்றும், மொத்தம் 2,670 ரூபாய்தான் வரும் என்றும் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். வண்டியில் இருந்த சாக்கிலிருந்து ஒரு கை பஞ்சை எடுத்துக் காட்டினார். அது நல்ல இலவம்பஞ்சுதான். பட்டுப்போல வழுவழுவென்று, விதையோ கோதோ இல்லாமல் இருந்தது. மாதிரிக்குக் காட்டுவது நல்ல பஞ்சாகத்தான் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மாடியில் வைத்துப் பிரிக்கலாமே என்று நான் கேட்டேன். "இங்க பிரிச்சா தெருவே தூசியாயிரும்க்கா. பாட்டிம்மாவுக்கு மூச்சுக்கு ஆகாது. மிஷின் ஷெட்டுல இருக்கு, சாயங்காலம் கொண்டாந்துருவோம்" என்றார். அத்தையின் உடல்நிலையைச் சொல்லி அவர் பேசியது எனக்கு நியாயமாகப் பட்டது. இந்த ஓர் இடத்தில்தான் நாங்கள் தவறினோம். கொக்கி வைத்த சுருள்வில் தராசில் மெத்தையை மாட்டித் தூக்கி, பஞ்சு 15 கிலோ இருக்கிறது என்று அவரே முள்ளைப் பார்த்துச் சொன்னார். நான் குனிந்து பார்க்கவில்லை. கடைகளில் பயன்படுத்தும் எடைக்கருவிகளில் அரசின் சரிபார்ப்பு முத்திரை இருக்க வேண்டும் என்பதும், நம் மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறை அலுவலர்கள்தான் கண்காணிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் வீட்டு வாசலில் நிற்கிறவரிடம் முத்திரையைக் காட்டச் சொல்ல நாக்கு எழவில்லை. 1,500 ரூபாய் முன்பணம் கொடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் கைபேசி எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

மாலையில் வருவதாகச் சொன்னவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வந்தார்கள். மெத்தை நான்கு பக்கமும் தைக்கப்பட்டு, இடையிடையே கோணி ஊசியால் முடிச்சும் போடப்பட்டு, பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தது. பழைய பஞ்சில் ஆறு கிலோ தூளாகப் போய்விட்டது என்றும், அதனால் நான்குக்குப் பதில் ஒன்பது கிலோ சேர்க்க வேண்டியதாயிற்று என்றும், இப்போது உள்ளே 18 கிலோ பஞ்சு இருக்கிறது என்றும் சொல்லி, மீதி 2,570 ரூபாய் கேட்டார்கள். எங்களைக் கேட்காமல் எப்படிச் சேர்த்தீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, கைபேசியில் அழைத்தோம், நீங்கள்தான் எடுக்கவில்லை என்றார்கள். அப்படி எந்த அழைப்பும் எங்களுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய மனமில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டோம். பழைய துணியைக் கேட்டபோது, கிழிந்துவிட்டதால் அங்கேயே போட்டுவிட்டோம் என்றார்கள். அந்தத் துணியின் ஒரு மூலையில் அத்தை சிவப்பு நூலால் தன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்து வைத்திருந்தார். பணத்தைக் காட்டிலும் அதை இழந்தது அவருக்குப் பெரிய குறையாகிவிட்டது.

அத்தை அன்றைக்கே மெத்தையின் மீது கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நம்ம மெத்தை மாதிரி இல்லையேம்மா, கனமா கெடக்கு" என்றார். புதுப் பஞ்சு இரண்டு நாள் படுத்தால் படிந்துவிடும் என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள். படியத்தான் செய்தது. பன்னிரண்டாம் நாள் அதே திரைச்சீலைக் கம்பியை வைத்து அளந்தபோது குழி மூன்று அங்குலத்தைத் தாண்டியிருந்தது. அதைச் சுற்றிலும் கை வைத்த இடமெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. வெயிலில் போட்டு எடுத்தும் உப்பவில்லை. மாறாக, எந்திர எண்ணெய் போன்ற ஒரு வாடை எழுந்தது.

அதன் பிறகுதான் மெத்தையைப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோய் மேடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 24 கிலோ காட்டியது. எடை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போன எங்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர்கள் சொன்ன 18 கிலோவோடு துணியின் எடையைச் சேர்த்தாலும் இருபதைத் தொடாது. பிறகு யோசித்தபோதுதான், எடை கூடியிருந்ததே ஏமாற்றத்துக்குச் சான்று என்பது விளங்கியது. இலவம்பஞ்சு இடத்தை அடைக்கும், எடை தராது. அதே ஆறங்குல உயரத்துக்கு இவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்றால், உள்ளே இருப்பது அதைவிடக் கனமான, விலை மலிந்த வேறொரு பொருள். இதை எழுதும்போது குறிப்பாகச் சொல்ல விரும்புவது இதுதான்: மெத்தை கனமாகத் திரும்பி வந்தால், நிறையப் பஞ்சு வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு மூலைத் தையலைப் பிளேடால் நான்கு விரல் அகலத்துக்குப் பிரித்தேன். மேலே ஒரு படலம் மட்டும் வெண்மையான இலவம்பஞ்சு இருந்தது. அதை விலக்கியதும் சாம்பல் நிறத்தில், சிறு சிறு முடிச்சுகளோடு நூற்பாலைக் கழிவுப் பஞ்சு வந்தது. அதற்குள் அரக்கு நிறத்திலும் பச்சை நிறத்திலும் பனியன் துணியின் விளிம்பு நாடாக்கள் சுருண்டு கிடந்தன. ஒரு நாடாவில் தையல் நூல்கூட அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் மேலே இருந்த பஞ்சில் ஒரு சிட்டிகையைப் போட்டேன். அது நனையாமல் மிதந்தது. இலவம்பஞ்சின் இழை மீது இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. ஒரு காலத்தில் கப்பலில் செல்வோரின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். இன்னொரு டம்ளரில் உள்ளே இருந்த சாம்பல் பஞ்சைப் போட்டு விரலால் ஒரு முறை அழுத்தினேன். நீரை உறிஞ்சிக்கொண்டு அடியில் போய்த் தங்கியது. நாடா ஒன்றைச் சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்தியபோது, பஞ்சு போலச் சாம்பலாகாமல் உருகி, கறுப்பு மணியாக இறுகியது. செயற்கை இழை கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மூச்சுக்கு ஆகாது என்று சொல்லி எடுத்துப்போனவர்கள், இந்தத் தூசியின் மேல்தான் ஒரு வயதானவரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஆறவிட முடியவில்லை.

அவர்கள் எழுதிக்கொடுத்த எண்ணுக்கு அழைத்தோம். முதல் முறை எடுத்து, நாளை வருகிறோம் என்றார்கள். மறுநாள் முதல் அந்த எண் அணைக்கப்பட்டுவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ நாடினோம். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது தெளிவான சேவைக் குறைபாடு என்பதும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம் என்பதும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணமே இல்லை என்பதும், வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும் அவற்றால் தெரிந்தது. இவ்வளவு வசதி இருந்தும் எங்களால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. ஏனென்றால் யார் மீது புகார் கொடுப்பது என்பதற்குப் பெயரோ முகவரியோ எங்களிடம் இல்லை. வண்டி எண்ணைக்கூட நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, ரசீது பெற்று வந்திருக்கிறோம். அவ்வளவுதான் இன்றைய நிலை.

கடைசியில், நகருக்குள் பல ஆண்டுகளாக மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் மெத்தையைத் தொடுவதற்கு முன்பாகவே அதைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் விரிக்கச் சொன்னார். தரையில் போட்டுப் படுத்தால் குழி மறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும், மறைந்தால் பழுது கட்டிலில்தான் என்றும் சொன்னார். எங்கள் மெத்தையில் குழி பாதி மறைந்தது. கட்டிலின் ஒட்டுப்பலகை நடுவில் வளைந்திருந்ததும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒரு முனையில் ஆணி கழன்று தொங்கிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டன. தச்சருக்கு 600 ரூபாய் கொடுத்துச் சட்டத்தைச் சரிசெய்தோம். வண்டியில் வந்தவர்கள் கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்களும் அத்தனை மாதங்களாக மெத்தையை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு பெரியவர் மாடியில் தார்ப்பாய் விரித்து மெத்தை முழுவதையும் பிரித்தார். தேறிய இலவம்பஞ்சு ஒரு தலையணைக்குக்கூடப் போதவில்லை. புதிதாக 16 கிலோ பஞ்சு வாங்கி, மூட்டையை எங்கள் எதிரிலேயே அவிழ்த்து, தராசை எங்கள் பக்கம் திருப்பிவைத்து எடை போட்டு, மாலைக்குள் தைத்து முடித்தார். பஞ்சு, துணி, கூலி எல்லாம் சேர்த்து 6,900 ரூபாய் ஆயிற்று; கையெழுத்திட்டு, முகவரியோடு ரசீது கொடுத்தார். தூசிக்காக அத்தையை அந்த ஒரு பகல் மட்டும் பக்கத்து வீட்டில் உட்காரவைத்திருந்தோம். முதல் முறையே அப்படிச் செய்திருக்கலாம்.

உங்கள் தெருவுக்கு அந்த வண்டி வந்தால், வீட்டிலேயே பிரித்து வீட்டிலேயே தைத்துத் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் மெத்தையை வெளியே எடுக்காதீர்கள். சம்மதித்தாலும், பிரிப்பதற்கு முன்பு வண்டி எண்ணை ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இப்படிக் கொடுத்து வாங்கியவர்கள், மூலையில் நான்கு விரல் தையலைப் பிரித்து, மேல் படலத்தை விலக்கி, உள்ளே இருப்பதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மதுரையில் வேறு யாருக்காவது இதே போல நடந்து, அவர்களிடம் வண்டி எண் இருந்தால், காவல் நிலையத்தில் நாங்கள் கொடுத்த மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம்.