27,500 ரூபாய் போனது: பழைய விஜிஏ கார்ட் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

நான் வாங்கிய கார்ட் போலி என்று நேற்றுப் பின்னேரம்தான் உறுதியானது. கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனாலும் இன்றைக்கே எழுதுகிறேன். நாளைக்கு வேறொருவர் காசோடு அந்தக் கடைப்படி ஏறிவிடக் கூடாது.

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் பண்ணிக் கொடுப்பதுதான் தொழில். கொம்பியூட்டர் இழுக்கத் தொடங்கியதால் 4 ஜிபி விஜிஏ கார்ட், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட நினைத்தேன். புதிது வாங்க வசதியில்லை. மனைவி சீட்டு எடுத்த காசில் 27,500 ரூபாயைக் கொண்டு டவுனில் பழைய கொம்பியூட்டர் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் "அண்ணன், அண்ணன்" என்றுதான் கதைத்தார். பிளேன்டீ எடுப்பித்துத் தந்தார். என் கண் முன்னாலேயே கார்டைத் தன் மெஷினில் போட்டுக் காட்டினார். கொம்பியூட்டரில் உள்ள பாகங்களை விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மனேஜரில் 'என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று வந்தது. "நான் சொல்லல்ல அண்ணன், கொம்பியூட்டரே சொல்லுது, பாருங்க" என்றார். என் மொனிட்டர் பழையது, நீலத் தலை விஜிஏ வயர்தான் இருக்கிறது என்றேன். கார்டைத் திருப்பிக் காட்டினார், அந்த வயர் கொழுவும் போர்ட்டும் இருந்தது. மொனிட்டர் செலவு மிச்சம் என்று எனக்குச் சந்தோஷம். கடைசியாக ஒரு பென் டிரைவில் ட்ரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு வேலை செய்ய வைக்கும் மென்பொருளைப் போட்டுத் தந்தார். "இதைத்தான் போடுங்க. இன்டர்நெட்டில இருந்து புதுசு இறக்கிப் போடாதீங்க, செட்டிங்ஸ் குழம்பிடும்." என் நன்மைக்குச் சொல்கிறார் என்று நம்பினேன். நம்பித்தான் 27,500 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். பில்லில் 'விஜிஏ 4 ஜிபி' என்று மட்டும் எழுதினார். மொடல் பெயர் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் விண்டோஸ் தானாக அப்டேட் ஆனது. திரை கறுத்துத் திரும்ப வந்தபோது எழுத்தெல்லாம் பெரிதாகி, 1024க்கு 768இல் நின்றது. டிஸ்பிளே செட்டிங்ஸில் 1920க்கு 1080 வைக்கப் பார்த்தால் மாற்றவே விடவில்லை. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம், கோட் 43: கார்டில் பிழை, விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். ட்ரைவரை அழிக்கும் டிடியூ என்ற மென்பொருளை வைத்துப் பழைய ட்ரைவரைத் துடைத்தேன், சிப் செய்யும் என்விடியா கம்பனியின் தளத்தில் இருந்து இறக்கிப் போட்டேன், திரும்பவும் துடைத்தேன். இரண்டு இரவு தூங்கவில்லை. பிழை என்னிடம்தான் என்று அந்த இரண்டு இரவும் நம்பியிருந்தேன். அதுதான் இப்போது வயிறு எரிய வைக்கிறது.

போன் எடுத்தேன். "செட்டிங்ஸ் பிழை அண்ணன்" என்றார். மெஷினையே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். "உங்கட பவர் சப்ளை காணாது" என்றார். அப்புறம், கரண்ட் ஏறி இறங்கி அடித்திருக்கும், அதற்கு வொரண்டி இல்லை என்றார். மூன்றாம் முறை போனபோது வேறொரு பொடியன் இருந்தான். "அவர் கொழும்புக்குப் போயிட்டார், திங்கள் வாங்க." திங்களும் போனேன். "1050 டிஐ என்று நாங்க எங்க எழுதித் தந்தம்? பில்லைப் பாருங்க." வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை.

வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் அக்காவின் மகன் நேற்று வந்து, கார்டுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டான். கார்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று விழுந்தது. உள்ளே இருப்பது ஜிஎஃப்116, 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப். அதில் கணக்குப் போடும் கோர் 192. உண்மையான 1050 டிஐயில் 768. கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் பயோஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, பெயரையும் மெமரியையும் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்து விண்டோஸ் 1050 டிஐயின் ட்ரைவரை இறக்க, உள்ளே வேறு சிப் இருந்ததால் எல்லாம் படுத்துவிட்டது. இந்தப் பழைய வரிசைக்கு என்விடியா 2018இலேயே புது ட்ரைவர் விடுவதை நிறுத்திவிட்டது, கடைசி 391.35. பென் டிரைவில் இருந்தது, பொய்ப் பெயரோடு ஓடுவதற்காகத் திருத்திய ட்ரைவர். நான் சந்தோஷப்பட்ட அந்த போர்ட்டும் சாட்சிதான். நீலத் தலை விஜிஏ வயருக்கு அனலொக் வெளியீடு வேண்டும், 1050 டிஐயின் சிப்பில் அதுவே கிடையாது.

கடைக்காரரும் தெரியாமல் வாங்கி விற்றிருக்கலாம் என்று அக்கா சொல்கிறா. புது ட்ரைவர் போடாதே என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

எடிட்டிங்குக்கு எந்த ட்ரைவர், என்ன செட்டிங்ஸ் என்று விவரமாக எழுத நினைத்திருந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. ஜிபியூ-இசட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட விடுங்கள். என்விடியா தளத்து ட்ரைவரை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள், மறுத்தால் எழும்பி வாருங்கள். பில்லில் மொடல் பெயர் முழுதாக இருக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. நானும் நாளைக் காலை கொடுக்கிறேன்.

27,500 ரூபாய். சீட்டுக்கு இன்னும் ஏழு மாதம் கட்ட இருக்கிறது.