பாரிஸிலிருந்து ஒரு குளிர்கால ரயில் பயணம்: ரூவானா, ஸ்ட்ராஸ்பூர்கா, லியோனா?

டிசம்பர் இறுதியில் பாரிஸில் சூரியன் காலை எட்டே முக்காலுக்குத்தான் உதிக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் மறைந்தும் விடுகிறது. கோடையில் வருபவர் பொருட்படுத்தத் தேவையில்லாத இந்தக் கணக்கு, குளிர்காலத்தில் ஓரிரு நாள் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்வர நினைப்பவருக்கு மிகவும் முக்கியமானது. பயணச்சீட்டின் விலையைவிட, ரயிலை விட்டு இறங்கிய பின் எத்தனை மணி நேர வெளிச்சம் மிஞ்சும் என்பதே ஊரைத் தேர்ந்தெடுக்க உதவும் நல்ல அளவுகோல் என்பது என் கருத்து. பலரும் பரிசீலிக்கும் மூன்று நகரங்களை அந்த அளவுகோலைக் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன்.

வரைபடத்தைப் பார்த்தால் ரூவான் மிக அருகிலும் ஸ்ட்ராஸ்பூர்க் நாட்டின் கிழக்கு எல்லையிலும் இருக்கின்றன. ஆனால் 1843இல் திறக்கப்பட்ட பழைய பாதையில் ரூவானுக்குச் செல்லும் ரயில் ஏறக்குறைய 140 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 2016இல் முழுமையடைந்த கிழக்கு அதிவேகப் பாதையிலோ, 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஸ்ட்ராஸ்பூர்கை டிஜிவி எனப்படும் அதிவேக ரயில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எட்டிவிடுகிறது. லியோனுக்கு இரண்டு மணி நேரம். ஆக, பயண நேரத்தில் இம்மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தொடங்குவது பயணச்சீட்டு வாங்குமிடத்தில்.

டிஜிவி கட்டணம் விமானக் கட்டணம் போல ஏறி இறங்கக்கூடியது. பல வாரங்களுக்கு முன்பே வாங்குபவருக்கும் முந்தைய நாள் வாங்குபவருக்கும் இடையே சில சமயம் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். பல நாடுகளின் ரயில்களில் செல்லுபடியாகும் இன்டர்ரெயில் போன்ற பாஸ் வைத்திருப்பவர்களும் ஒவ்வொரு டிஜிவி பயணத்துக்கும் தனியே பணம் செலுத்தி இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். பாரிஸின் சான் லசார் நிலையத்திலிருந்து ரூவானுக்குச் செல்லும் நோமாட் ரயில்கள் நோர்மாந்தி பிராந்திய நிர்வாகத்தின் பொறுப்பில் ஓடுபவை; அவற்றின் கட்டணம் அந்த அளவுக்குத் தாவுவதில்லை. காலையில் எழுந்து, சன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்துவிட்டு, 'சரி, இன்று போகலாம்' என்று புறப்படும் சுதந்திரத்தை மூன்றில் ரூவான் மட்டுமே தருகிறது. மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் பருவத்தில் இது சிறிய சலுகை அல்ல.

ரூவான் நிலையத்திலிருந்து பழைய நகரின் நடுப்பகுதிக்குப் பத்து நிமிட நடைதான். பிரெஞ்சு வீராங்கனை ஜான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) 1431இல் எரிக்கப்பட்ட பழைய சந்தைச் சதுக்கம், க்ரோ ஓர்லோஜ் எனப்படும் பெரிய கடிகாரம், 151 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட பேராலயம் ஆகிய அனைத்தும் ஒரே நடையில் அடங்கிவிடுகின்றன. க்ளோத் மோனே 1892க்கும் 1894க்கும் இடையே இந்தப் பேராலயத்தின் முகப்பையே வெவ்வேறு வெளிச்சங்களில் மீண்டும் மீண்டும் வரைந்தார். அந்த வரிசையில் சாம்பல் நிற வானத்தின் கீழ் வரையப்பட்ட ஒன்று இங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. வெயில் இல்லையே என்று வருந்தும் பயணி அதன் முன் சற்று நேரம் நிற்கலாம். மூன்று மணி நேரத்தில் முக்கியமானவற்றைப் பார்த்துவிட முடியும் என்பதால், இருட்டும்போது மனக்குறை இல்லாமல் ரயிலேறலாம்.

ஸ்ட்ராஸ்பூர்கை இப்படி ஒரே பகலில் முடிக்க முயல்வது வீண். 1570 முதல் நடந்துவரும் அதன் கிறிஸ்துமஸ் சந்தைதான் பெரும்பாலோரை இழுக்கிறது. அதே காரணத்தால் டிசம்பர் வார இறுதிகளில் பழைய நகரின் தெருக்களில் நடப்பதே சிரமமாகிவிடுகிறது, விடுதிகளின் வாடகையும் உச்சத்துக்குப் போகிறது. சந்தையைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் வார நாளில் செல்லுங்கள். எனக்குச் சந்தை முடிந்த பிறகான ஸ்ட்ராஸ்பூர்கே பிடிக்கும். 142 மீட்டர் உயரத்துடன் 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடமாக விளங்கிய பேராலயம் ஜனவரியிலும் அங்கேதான் இருக்கிறது. முண்டியடிக்காமல் அண்ணாந்து பார்க்கலாம். உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் திருத்தூதர்களின் ஊர்வலம் நண்பகல் 12:30க்கு நடைபெறுகிறது. அதைப் பார்க்க விரும்புபவர் பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்தில் ஒன்பது மணிக்குள் ரயிலேறிவிடுவது நல்லது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதியில் தங்கியிருப்போர் அந்த நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பது கூடுதல் வசதி.

ஸ்ட்ராஸ்பூர்கில் ஓர் இரவு தங்கினால், மறுநாள் காலை டிஇஆர் எனப்படும் பிராந்திய ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் கொல்மாருக்குப் போகலாம். இதற்கு இருக்கை முன்பதிவு தேவையில்லை. 1512க்கும் 1516க்கும் இடையே உருவான இசென்ஹைம் பலிபீட ஓவியம் அங்குள்ள உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓவியத்துக்காகவே இவ்விரு ஊர்களும் இருக்கும் அல்சாஸ் பகுதி வரை போவது தகும். பிரான்சின் அருங்காட்சியகங்கள் பலவும் திங்கள் அல்லது செவ்வாயில் மூடப்படுவதால், கிழமையைச் சரிபார்த்த பிறகே இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சைவ உணவினருக்கு ஓர் எச்சரிக்கை: மெல்லிய பீட்சாவைப் போலத் தோன்றும் ஃப்லாம்குஷ்ஷில் வழக்கமாகப் பன்றியிறைச்சித் துண்டுகள் சேர்க்கப்படும்.

உணவில் லியோனும் இரக்கம் காட்டாது. பூஷோன் எனப்படும் அதன் மரபான உணவகங்கள் இறைச்சிக்குப் பேர்போனவை. மேலும் பார்-தியூ நிலையத்தில் இறங்கியவர் பழைய நகரை அடைய மெட்ரோவில் ஒருமுறை மாற வேண்டும். ஃபூர்வியேர் குன்றுக்கு அங்கிருந்து கம்பிவட ரயில். ஒருநாள் பயணிக்கு இவை வெளிச்சத்தை விழுங்கும் வேலைகள். ஆனால் இருட்டு இழப்பாக அல்லாமல் வரவாக அமைவதும் லியோனில்தான். 1852 டிசம்பர் 8ஆம் தேதி ஃபூர்வியேரில் மரியாளின் சிலை திறக்கப்பட்ட நாளன்று வீடுகளின் சன்னல்களில் மக்கள் ஏற்றிவைத்த விளக்குகளே, இன்று அந்தத் தேதியை ஒட்டிச் சில இரவுகள் நடைபெறும் ஒளித் திருவிழாவாக வளர்ந்திருக்கின்றன. அதற்குச் செல்பவர் அறையையும் ரயிலையும் மிக முன்னதாகவே உறுதி செய்ய வேண்டும். மற்ற நாள்களில் லியோனின் சிறப்பு, அது மழைக்குத் தாங்கும் என்பதே: வீடுகளுக்கு ஊடாகத் தெருவையும் தெருவையும் இணைக்கும் த்ரபூல் வழிகளும், அருங்காட்சியகங்களும் இரண்டு நாள்களைக் கூரையின் கீழேயே நிரப்பிவிடும்.

ஆன்சி போன்ற ஆல்ப்ஸ் அடிவார ஊர்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. பாரிஸிலிருந்து அங்கே போகவே நான்கு மணி நேரம் நெருங்குகிறது. பிப்ரவரிப் பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகளில் அந்தத் தடம் பனிச்சறுக்குக்குச் செல்லும் குடும்பங்களால் நிரம்பி வழியும்.

ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, முடிவும் கடைசி நேரத்தில்தான் எடுக்கப்படும் என்றால் நான் ரூவானைச் சொல்வேன். ஓர் இரவை ஒதுக்க முடிந்து, மூன்று வாரம் முன்பே தேதியும் தெரிந்திருந்தால், ஜனவரி நடுவில் ஸ்ட்ராஸ்பூர்க். லியோனுக்கு இரண்டு இரவுகள் வேண்டும். எந்த ஊரானாலும், டிஜிவியின் கதவுகள் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடப்படும் என்பதை நினைவில் வைத்து, காப்பியை ரயிலில் ஏறிய பிறகு குடியுங்கள்.